அணியின் பெயருக்கு அரைப் புள்ளி

"இப்பாடலில் உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது."

சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கிய நயம் எடுக்கிற பிள்ளைகளின் கொப்பிகளில் இந்த வசனத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சங்கப் பாட்டுக்குக் கீழேயும் இதுதான், பாரதிக்குக் கீழேயும் இதுதான், போன கிழமை பேப்பரில் வந்த புதுக்கவிதைக்குக் கீழேயும் இதுதான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ரியூசன் குறிப்புகளில் அணிகள் மருந்துக்கடை லாச்சி மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன: பெயர், வரைவிலக்கணம், ஓர் உதாரணம், அடுத்தது. தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக வகுத்தது. அதைப் பாடமாக்கியவனுக்குப் பாட்டு விளங்கிவிடும் என்று தண்டியாசிரியர் எங்கேயும் உறுதி தரவில்லை.

பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து புள்ளிக் கேள்வி கொடுத்தால், அணியின் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு அரைப் புள்ளிதான் போடுவேன். மிச்சம் நாலரையும், அந்த அணி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று எழுதுகிறவருக்கு. தொடக்கத்தில் தாய்மார் சிலருக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. "பெயர் சரியெண்டால் புள்ளி குடுக்கத்தானே வேணும் ரீச்சர்?" என்று படலையில் வைத்தே கேட்டவர்கள் உண்டு.

என்ன வேலை என்றால் என்ன? குறுந்தொகை 40ஆம் பாட்டையே எடுப்போம். எழுதியவரின் இயற்பெயர் தெரியாமல், அவர் சொன்ன உவமையே பெயராகிச் செம்புலப் பெயனீரார் ஆகிவிட்டார்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

"செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணி மாதிரி ரெண்டு நெஞ்சும் கலந்திட்டுது" என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். சரி, கலப்பதைச் சொல்ல வேறு எத்தனையோ இருக்கிறது. பாலும் தண்ணீரும் கலக்கும், சீனியும் தேத்தண்ணியும் கலக்கும். ஏன் செம்மண்?

இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கத்துப் பிள்ளைகளிடம் விடை கையிலேயே இருக்கிறது. கோண்டாவில், இணுவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கமெல்லாம் செம்பாட்டு மண். மாசி தொடக்கம் வெயிலில் காய்ந்து தூளாகிக் கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஒழுங்கையெல்லாம் சிவப்பாக ஓடும். வெள்ளைச் சீருடையோடு சைக்கிளில் வருகிற பிள்ளையின் முதுகில் பின்சில்லு கோடு போட்டுவிடும். அந்தச் சட்டையைத் தோய்த்தவர்களுக்குத் தெரியும்: சவர்க்காரம் போட்டு, கல்லில் அடித்து, நீலமும் போட்டுக் காயவிட்டாலும் பழைய வெள்ளை வராது. வானத்திலிருந்து விழும்போது தண்ணீருக்கு நிறமில்லை. மண்ணைத் தொட்ட பிறகு அதை மழைத்தண்ணீர் என்று தனியாகப் பிரித்துக் காட்ட ஒருவராலும் ஏலாது.

அதோடு நின்றால் இரண்டு புள்ளி. உவமைக்கு முன்னால் இருக்கிற மூன்று அடிகளையும் பாருங்கள். உன் தாயும் என் தாயும் யார் யாருக்கு என்ன? தந்தைமார் எந்த வழிச் சொந்தம்? நானும் நீயும் எப்படி அறிமுகம்? மூன்றுமே உறவு விசாரிக்கிற கேள்விகள். எந்த ஊர், ஆற்றை பிள்ளை, ஆர் பகுதி என்று தொடங்கி, குறிப்புப் பார்த்துப் பொருத்தம் சரிவந்த பிறகுதான் மற்றக் கதை என்கிற எங்கள் ஊரில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விளக்கவுரை தேவையில்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் உவமை வருகிறது. மழைக்கும் நிலத்துக்கும் என்ன சொந்தம்? ஒன்று வானத்தில், ஒன்று கீழே. முன்பின் அறியாதவை. ஆனாலும் கலந்தபின் பிரிக்கேலாது. பாலும் தண்ணீரும் என்று எழுதியிருந்தால் கலப்பு வந்திருக்கும், இந்தப் பதில் வந்திருக்காது.

இப்படிக் கேட்கத் தொல்காப்பியர் ஒரு கருவி தந்திருக்கிறார். உவமை நான்கு வழியால் பிறக்கும் என்கிறார்: வினை, பயன், மெய், உரு. அதாவது செயலில் ஒக்கும், பயனில் ஒக்கும், வடிவத்தில் ஒக்கும், நிறத்தில் ஒக்கும். செம்புலப் பெயல்நீரில் கலக்கிற வினையும் இருக்கிறது, நிறம் மாறுகிற உருவும் இருக்கிறது. இந்தச் சூத்திரம் வருகிற உவமவியல், பேராசிரியர் என்ற பழைய உரைகாரரின் உரையோடும் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் எழுதிய குறிப்புகளோடும் 1943இல் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அச்சானது. செம்பாட்டு மண்ணில் நின்ற அச்சுக்கூடம் அது. இதற்கு மேல் ஓர் அர்த்தமும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நான்கும் பண்டிதர்களின் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. தலைமயிர் குத்திட்டு நிற்கிற பெடியனைப் பார்த்து எங்கள் அம்மம்மா "சூப்பின பனங்கொட்டை மாதிரித் தலையும் இவனும்" என்பா. பனம்பழத்தைச் சூப்பி எறிந்த கொட்டையில் தும்பு எல்லாப் பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். நிறத்தில் ஒப்பில்லை, பயனில் ஒப்பில்லை, முழுக்க மெய். தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்கிறார்: உவமிக்கிற பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று. அம்மம்மா அதற்குக் கட்டுப்படவில்லை. எங்கள் ஊர் உவமைகளில் பாதி கீழ்நோக்கித்தான் போகும். ஆளைக் குட்டுவதுதான் நோக்கம் என்றால் உயர்ந்த பொருளை வைத்து என்ன செய்வது?

உருவகத்தில் அதிகம் நிற்க மாட்டேன். "போல"வை எடுத்துவிட்டால் உருவகம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிப் போகிறேன். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்ற குறளில் பிறவி கடலாகிவிட்டது, ஆனால் இறைவன் அடி தோணியாகவில்லை. வள்ளுவர் பாதியில் விட்டுவிட்டார். ஏகதேச உருவகம் என்று எழுதினால் அரைப் புள்ளி. தோணியை வாசிக்கிறவன் தானே கட்டிக்கொள்கிறான் என்று ஒரு பிள்ளை எழுதியது. அதற்குத்தான் மிச்சப் புள்ளி.

சொல்ல வந்ததை மரம், பறவை என்று ஒரு காட்சிக்குள் ஒளித்துவைக்கிற உள்ளுறைக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆசை அதிகம். கபிலரின் பலாப்பழப் பாட்டு, குறுந்தொகை 18:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

இரவில் வந்து சந்தித்துப் போகிறவன், கலியாணப் பேச்சை எடுக்கிறானில்லை. தோழி அவனிடம் சொல்கிறாள்: சின்னக் கொப்பில் பெரிய பழம் தொங்குவது போல இவளுடைய உயிரோ சிறிது, ஆசையோ பெரிது. சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கு இந்த உவமை நான் சொல்லாமலே விளங்கியது. அவர்கள் வளவில் பிலா நிற்கிறது. "மெல்லிய கொப்பில பிடிச்சால் அப்பா விடமாட்டார் ரீச்சர். ஒண்டில் பிஞ்சிலயே கறிக்கு எடுப்பார், இல்லாட்டிச் சாக்குக் கட்டித் தாங்குவார். சும்மா விட்டால் கொப்போட முறியும்." ஒன்றில் பறி, இல்லாவிட்டால் தாங்கு. தோழி சொல்ல வந்த அவசரம் முழுவதும் அதற்குள் இருந்தது.

ஆனால் அது வெளியே தெரிகிற உவமை. "ஆங்கு" என்ற சொல்லே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாட்டின் தொடக்கத்தைக் கவனித்தீர்களா? "வேரல் வேலி வேர்க்கோட் பலவின் சாரல் நாட" என்பது, மேலோட்டமாகப் பார்த்தால், அவனைக் கூப்பிடுகிற விளி மட்டும்தான். மூங்கில் வேலிக்குள் வேரிலே காய்க்கிற பலா நிற்கும் மலைநாட்டுக்காரனே! அவனுடைய நாட்டில் பழம் வேரில் காய்த்து நிலத்தில் ஆறுதலாக இருக்கிறது. சுற்றிவர வேலியும் உண்டு. இவளிடத்தில் பழம் கொப்பு நுனியில் தொங்குகிறது, வேலியும் இல்லை. உன் வீட்டுப் பழத்துக்கு இருக்கிற காவல் இவளுக்கு எங்கே என்று தோழி வாய் திறந்து கேட்கவில்லை. மரத்தை மரமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஏன் ஒளித்துச் சொல்ல வேண்டும்? அவள் நிற்கிற இடம் அப்படி. அவனை நேரே ஏசினால் வராமல் விட்டுவிடுவான், ஒன்றும் சொல்லாமல் விட்டால் இப்படியே இழுத்தடிப்பான். காரியம் ஆக வேண்டிய ஆளிடம் கோபத்தைக் காட்டாமல் காட்டுகிற வித்தை. கல்யாணப் புரோக்கரோடும் கச்சேரிக் கிளார்க்கோடும் கதைத்துப் பழகிய நம் ஆட்கள் எல்லாருக்கும் இது கைவந்த கலை.

அதே கபிலரின் 25ஆம் பாட்டில் ஒரு குருகு நிற்கிறது. அவன் என்னைச் சேர்ந்த நாளில் அங்கே ஒருவரும் இல்லை, கள்வன் அவன் ஒருவனே, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். பிறகு, தினைத்தாள் போன்ற பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த குருகும் அங்கே உண்டு என்கிறாள். கொப்பிகளில் "குருகு ஒரு குறியீடு" என்று எழுதப்பட்டிருக்கும். எதற்கு? அரியாலை, நாவற்குழிப் பக்கம் கடல்நீரேரிக் கரையால் போகும்போது பார்த்திருப்பீர்கள், குருகு நின்றால் கல்லு மாதிரி நிற்கும், கண் தண்ணீரை விட்டு எடுக்காது. ஒரேயொரு சாட்சி, அதுவும் மீனைத் தவிர வேறொன்றையும் பாராத சாட்சி. அவள் எவ்வளவு தனித்துப் போனாள் என்பதை அந்தப் பறவை நின்றபடி காட்டுகிறது. இரைக்கு நிற்கிற அதை அவனோடு சேர்த்துப் பார்க்கவும் இடமிருக்கிறது. இதையெல்லாம் எழுதிவிட்டுக் குறியீடு என்றால் நான் மறுக்க மாட்டேன்.

புதுக்கவிதை பற்றிய விடைகளில் இந்தச் சொல் தொட்டதற்கெல்லாம் வருகிறது. யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர்க் கவிதைகளில் ஷெல் பட்டு உச்சி வட்டு இழந்த பனைகள் எத்தனையோ நின்றுவிட்டன. முதலில் எழுதியவர்களுக்கு அது கண்முன்னே நின்ற மரம், அதனால் படிமமும் ஆனது. பின்னால் வந்தவர்கள் பலர் மரத்தைப் பார்க்காமல் முன்னவர்களின் கவிதையைப் பார்த்து எழுதினார்கள். பனை வந்தால் குறியீடு, புறா வந்தால் குறியீடு, கிழிந்த சீலை வந்தால் குறியீடு. அந்த இடத்தில் அது வெறும் பனை என்று வைத்துக்கொண்டால் கவிதை எதை இழக்கிறது என்று கேட்பேன். ஒன்றையும் இழக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பனையாகவே நிற்கட்டும்.

வஞ்சப்புகழ்ச்சியைப் படிப்பிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். கலியாண வீட்டில் பலகாரச் சூடு எல்லாம் முடிந்து சட்டி கழுவுகிற நேரம் ஒருவர் வருகிறார். "வாருங்கோ அண்ணை, வாருங்கோ! நீங்கள் வராமல் ஒரு வேலையும் நடக்காதெண்டு பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறம்." இதற்குப் பொழிப்புரை கேட்கிற யாழ்ப்பாணத்தானை நான் இன்னும் சந்திக்கவில்லை. "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்று வள்ளுவர் கயவரைத் தேவர் பக்கத்தில் கொண்டுபோய் இருத்துவதும் இதே நக்கல்தான். நினைத்ததைச் செய்கிற சுதந்திரம் இரண்டு பேருக்கும் உண்டாம்! தொல்காப்பியர் அங்கதத்தை நேரே வைகிற செம்பொருள், ஒளித்து வைகிற பழிகரப்பு என்று இரண்டாகப் பிரித்தார். எங்கள் சந்தைகளில் இரண்டும் மலிவு.

புகழ்ச்சியிலும் ஒளிப்பு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் நல்லூரில் இருந்த வில்லவராய முதலியாரைத் தேடி வந்த புலவர் ஒருவர், தெருவில் விளையாடிய பெடியன் ஒருவனிடம் வீடு எது என்று கேட்டாராம். முதலியாரின் மகனே அந்தப் பெடியன், பின்னாளில் சின்னத்தம்பிப் புலவர் என்று பெயரெடுத்தவர். பாட்டிலேயே வழி சொன்னானாம்:

பொன்பூச் சொரியும் பொலிந்தசெழுந் தாதிறைக்கும்
நன்பூ தலத்தோர்க்கு நன்னிழலாம் - மின்பிரபை
வீசுபுகழ் நல்லூரான் வில்லவ ராயன்றன்
வாசலிடைக் கொன்றை மரம்.

கதை நடந்ததோ இல்லையோ, வெண்பா நிற்கிறது. வாசலில் கொன்றை நிற்கிற வீடு என்பதுதான் செய்தி, அடையாளத்துக்கு அது போதும். பொன்னிறப் பூச் சொரிவதும், தாது இறைப்பதும், போறவாறவர்களுக்கு நிழல் தருவதும் மரத்தின் வேலை. அந்த மூன்றையும் மெதுவாக வீட்டுக்காரன் மேல் ஏற்றிப் பாருங்கள். பொன் சொரிகிறவன், அள்ளி இறைக்கிறவன், ஊராருக்கு நிழல். அப்பா பெரிய கொடையாளி என்று மகன் சொன்னால் பகிடியாகிவிடும். மரத்தைப் புகழ்ந்தால் ஆருக்கு என்ன? இதைச் சிலேடை என்பதா, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்துகிற ஒட்டு என்பதா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். நான் இரண்டுக்கும் அரைப் புள்ளி போடுவேன்.

எதுகை மோனைக்கும் இந்தப் பாட்டே போதும். பொன்பூ, நன்பூ, மின்பிரபை என்று இரண்டாமெழுத்து ஒன்றி வருவது எதுகை, வீசுபுகழ், வில்லவராயன் என்று முதலெழுத்து இனமாக வருவது மோனை. இவை என்ன வேலை செய்கின்றன? மனதில் ஒட்டவைக்கின்றன. அச்சுப் புத்தகம் அரிதான காலத்துச் சிறுவனின் பாட்டு இன்றைக்கும் என் வாயில் வருவது அதனால்தான். மஹாகவி என்ற அளவெட்டிக் கவிஞர் எழுதி 1966இல் நூலாக வந்த குறும்பாக்கள் என்கிற குட்டிப் பகிடிப் பாட்டுகளின் சிரிப்பிலும் பாதிப்பங்கு ஓசைக்குரியது. அடிகளின் கடைசி ஓசை ஒன்றி வருகிற அந்த இயைபைக் குலைத்து வசனமாகச் சொல்லிப் பாருங்கள், பகிடி செத்துவிடும்.

பெயர் சொல்லாமல் அணியை விளக்குகிற ஒரு பள்ளிக்கூடம் எங்கள் கோயில்களில் முந்தியே இருந்தது. புராண படனம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு இழுத்து வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். பயன் சொல்கிறவர் சொல்லைப் பிரித்து, கொண்டுகூட்டி, உவமையில் எது எதற்கு என்று விரித்து, நடுவில் ஊர்க் கதை ஒன்றையும் செருகிவிடுவார். "அருவமும் உருவும் ஆகி அநாதியாய்ப் பலவாய் ஒன்றாய்" என்ற பாட்டு வந்தால் மண்டபத்தில் இருக்கிற அரைவாசிப் பேருக்கு அது பாடம். உருவமில்லாதது எப்படி உருவம், பல எப்படி ஒன்று என்று பயன் சொல்கிறவர் கேட்டு, கொஞ்சம் தவிக்கவிடுவார். விரோதவணி என்ற பெயரை அங்கே நான் கேட்டதில்லை. ஒன்றுக்கொன்று முரணானவை அடுக்கடுக்காக வந்து, சொல்லுக்குள் அடங்காத ஒன்று, கடைசி அடியில் "ஒருதிரு முருகன்" என்று ஒரு குழந்தையாக வந்து பிறக்கிறதே, அந்த இறக்கத்தை அங்கே இருந்த கிழவிகள் அறிந்திருந்தார்கள். அடுத்த பாட்டுக்குப் போக முதல் கை தலைக்கு மேல் போய்விடும்.

போன கிழமை கொடுத்த பயிற்சி, குறள் 475:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். சொல்ல வந்த பொருள் குறளில் இல்லவே இல்லை. பரிமேலழகர் உரையில் இந்த அணிக்கு மூன்று பெயர் கிடக்கிறது: பிறிதுமொழிதல், நுவலா நுவற்சி, ஒட்டு. மூன்றையும் எழுதிய பிள்ளைக்கும் அரைப் புள்ளிதான் போட்டேன். கொஞ்சம் முகம் கறுத்தது.

ஒரு பெடியன் இப்படி எழுதியிருந்தான்: "ஒன்பது பாடத்துக்கும் ரியூசன், சனி ஞாயிறு செமினார். ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம்தான், பாரமில்லை என்கிறார்கள்." வேறு விளக்கம் இல்லை. நான் வாசித்துக் காட்ட எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூன்று பெயர்க்காரி மட்டும் விடவில்லை.

"ரீச்சர், அது பிழை. பரிமேலழகர் அப்பிடிச் சொல்லேல்லை. எளிய ஆக்கள் எண்டு நினைச்சுப் பலபேரோட பகைச்சால், அவை சேந்தால் வலியவனும் அழிவான் எண்டுதான் கிடக்கு."

"ஏன் அவர் பகை எண்டு எடுத்தவர்?"

புத்தகத்தைப் புரட்டினாள். "அதிகாரம் வலியறிதல். அரசனுக்குச் சொல்லுறது."

"அப்ப இவன் எழுதினது?"

"அதிகாரத்துக்கு வெளியில போட்டான்."

"வெளியில போகேலாதோ?" என்றான் அவன். "வள்ளுவர் பகை எண்ட சொல்லைக் குறளில வைக்கேல்லையே. வைச்சிருந்தால் நான் போயிருக்க மாட்டன்."

அவளுக்கு நாலரையில் மூன்று கூட்டிப் போட்டேன், அதிகாரத்தைப் பிடித்ததற்கு. அவனுக்கும் மூன்று. மிச்ச ஒன்றரைக்கு இரண்டு பேரும் இன்னும் வழக்காடுகிறார்கள்.